வெறும் சுற்று

சிவப்பு விளக்கு எரிந்ததும் மாமா மூச்சு இயந்திரத்தை அணைத்தார். மறுபடி போட்டார். அது லேசாக முனகி, உள்ளே விசிறியைச் சுழற்றிப் பார்த்து, மறுபடியும் சிவப்பையே காட்டியது. கட்டிலில் சாய்ந்திருந்த அக்கா தன் சொந்த மூச்சில் இருந்தாள். தோள்கள் காது வரை ஏறி இறங்கின. அந்த மூச்சு அவளுக்கு அதிக நேரம் தாங்காது. அணைத்துப் போட்டு, அணைத்துப் போட்டு, ஒருவழியாகப் பச்சை வந்தது. மாமா முகமூடியை அவள் முகத்தில் பொருத்திப் பட்டையை இழுத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். அக்காவின் கணவர், வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவர். எவ்வளவு உயரத்தில் நின்றாலும் கை நடுங்காது என்று பெயர் வாங்கியவர். அந்தக் கைகளை இப்போது தொடைக்கடியில் வைத்து மறைத்துக்கொண்டார்.

"இது எப்பலேர்ந்து மாமா?" என்று தம்பி கேட்டான். அக்காவுக்குத் தம்பி, அந்த வீட்டில் அதுதான் அவன் பெயர்.

"காத்து வடிகட்டி மாத்த நிறுத்தறப்ப மட்டும்தான் மாப்ள. முன்னல்லாம் எப்பவாவது ஒரு தடவ செவப்பு வரும். இப்ப போட்டாலே செவப்புதான். கெஞ்சிக் கூத்தாடினா பச்சை."

நிறுத்தாமலே வைத்திருக்கலாம் என்றால், வடிகட்டி அடைத்துக்கொண்டு இயந்திரம் தானாகவே நின்றுவிடும். அக்காவின் உடம்பில் தசைகள் ஒவ்வொன்றாக வேலையை விட்டுக்கொண்டிருந்தன. மூச்சு இழுக்கிற தசையும் பாதி விலகிவிட்டது. மீதிப் பாதியை இந்தப் பெட்டிதான் தாங்குகிறது. பெட்டியைச் செய்த கம்பெனியோ கதவை மூடி, பெயர்ப்பலகையையும் கழற்றிக்கொண்டு போய்விட்டது. ஆஸ்பத்திரியில் வேறு இயந்திரத்துக்குப் பெயர் பதிந்திருக்கிறார்கள். பட்டியலில் உங்களுக்கு மேலே நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று அங்கே சொன்னதை மாமா வந்து சொன்னபோது, "அப்ப அவங்க சீக்கிரம் போகட்டும்னு வேண்டிக்கவா?" என்றாள் அக்கா. அவள் ஒருத்திதான் சிரித்தாள்.

தம்பிக்கு வேலை கணினிகளின் கெர்னலில். திரையில் தெரிகிற எதற்கும் அடியில், யார் கண்ணிலும் படாமல் கிடந்து எல்லாவற்றையும் ஓட்டுகிற பகுதி அது. உறவுக்காரர்களுக்கு இது விளங்காது. எங்கே பார்த்தாலும் போனை அவன் கையில் திணித்து, "கொஞ்சம் ஸ்லோவா இருக்குப்பா, என்னன்னு பாரேன்" என்பார்கள். அவனும் பார்ப்பான். ஆனால் அக்காவின் பெட்டிக்குள் ஓடுவதும் அதே கெர்னல்தான் என்று தெரிந்ததும், வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் படிப்பு வீட்டுக்கு உதவப்போகிறது என்று நம்பினான். பழைய சாமான் கடையில் அந்தப் பெட்டிக்குள் இருப்பது மாதிரியே ஒரு மின்சுற்றுப் பலகையைத் தேடிப் பிடித்து, தன் அறை மேசையில் வைத்து நோண்டத் தொடங்கினான்.

காரணம் அகப்பட்டது. அற்பக் காரணம். தூங்கி எழுகிற கெர்னலுக்குத் தான் எவ்வளவு வேகமானவன் என்று தெரியாது. அதனால் கடிகாரத்தின் ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவே வெறும் சுற்றாகச் சுற்றி, எத்தனை சுற்று முடிந்தது என்று எண்ணி வைத்துக்கொள்ளும். பிறகு கண்சிமிட்டலைவிடச் சின்ன நேரம் காத்திருக்க வேண்டிய இடத்திலெல்லாம், அந்தக் கணக்குப்படி வெறுமனே சுற்றிக் காத்திருக்கும். அக்காவின் பெட்டியில் பேட்டரிக்கு வயதாகிவிட்டது. அதைக் கண்காணிக்கிற பகுதி ஓயாமல் குறுக்கே வந்து கெர்னலை இழுத்துக்கொண்டு போகிறது. ஓட்டப்பந்தயத்தின் நடுவே அம்மா கூப்பிட்டாள் என்று நின்றுவிட்டு வந்த பையனை மந்தம் என்று எழுதிவைப்பது மாதிரி, எண்ணிக்கை குறைந்துபோகும். கெர்னல் தன்னை மந்தம் என்றே நம்பிவிடும். இரண்டு சுற்றே போதும் என்று நினைத்து, மூச்சின் அழுத்தத்தை அளக்கும் உணரியை எழுப்பிய கையோடு கேள்வி கேட்டுவிடும். பாதித் தூக்கத்தில் அது எதையோ உளறும். உணரி செத்துவிட்டது என்று சிவப்பு எரியும். யாரும் சாகவில்லை. யாரும் கொஞ்சம் பொறுக்கவில்லை, அவ்வளவுதான்.

சுற்றி எண்ணுவதை எடுத்துவிட்டு, உள்ளேயே இருந்த இன்னொரு கடிகாரத்தைப் பார்த்துக் காத்திருக்கும்படி மாற்றினான். மேசைமேல் இருந்த பலகை போட்டபோதெல்லாம் பச்சை காட்டியது. சந்தோஷம் தாங்காமல் அக்காவைக் கூப்பிட்டு, "ஞாயித்துக்கெழம வந்து சரி பண்ணிடறேன்கா" என்று வாக்குக் கொடுத்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் அவனுக்கு இன்னொன்றும் தெரிந்தது. மேசைமேல் இருந்தது சோதனைக்காகச் செய்த பூட்டில்லாத பலகை, பெட்டி அதை ஏற்காது. வீட்டுப் பெட்டி பூட்டப்பட்டது. கம்பெனியின் ரகசிய முத்திரை இல்லாத எதையும் உள்ளே சேர்த்துக்கொள்ளாது. பேட்டரியிலும் அதே முத்திரை. வேறு பேட்டரி போட்டால் ஏற்காது, கழற்றிவிட்டாலோ கிளம்பவே கிளம்பாது. விசாரித்து விசாரித்து, அந்தக் கம்பெனியில் கெர்னல் எழுதியவரின் நம்பரை வாங்கினான்.

"ஆமாங்க, அந்த எண்ணுற பகுதி நான் எழுதினதுதான்" என்றார் அவர். பின்னால் குழந்தைகள் சண்டை போடும் சத்தம் கேட்டது. "வேற கடிகாரம் வச்சு மாத்தணும்னு அப்பவே சொன்னேன். அடுத்த மாடல்ல பாத்துக்கலாம்னாங்க. அடுத்த மாடலே வரல."

"அந்த முத்திரைச் சாவி யார்கிட்டயாவது இருக்குமா சார்?"

"இழுத்து மூடறப்ப எல்லாத்தையும் அழிச்சாங்க. பத்திரமா அழிச்சதுக்குச் சான்றிதழே கொடுத்தாங்க." குழந்தைகளை அதட்டிவிட்டுக் கேட்டார். "யாருக்குங்க அந்த மெஷின்?"

"எங்கக்காவுக்கு."

அவர் மறுபடி ஏதோ சொல்ல ஆரம்பித்தார். மன்னிப்பாக இருக்கும். அதை வாங்கி வைக்கத் தம்பியிடம் இடமில்லை. நன்றி சொல்லி வைத்துவிட்டான். அன்று அவனுக்கு வந்த ஆத்திரம் யார்மேல் என்று அவனுக்கே தெரியவில்லை. எழுதியவர் தப்பாக எழுதவில்லை. பூட்டியவர்களும் நல்லதுக்குத்தான் பூட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா அவன் முகத்தைப் பார்த்தாள். இயந்திரம் காற்று ஊதி முடிக்கிற இடைவெளியில்தான் அவளால் பேச முடியும்.

"முடியலயா?"

"முடியலக்கா. என்னன்னு தெரியும். எங்கன்னும் தெரியும். உள்ள போக வழியில்ல."

இயந்திரம் ஊதியது. அவள் காத்திருந்தாள்.

"அவர்கிட்ட... இப்ப சொல்லாத."

மாமா அடுக்களையில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். அன்று வடிகட்டி மாற்ற வேண்டிய நாள். துடைத்துக்கொண்டே வந்தவர், "அப்ப இனிமே ஒரே போடுல பச்சைதானே மாப்ள?" என்றார். தம்பி புது வடிகட்டியின் உறையைக் கிழித்தான்.

நிறுத்தினார்கள். மாற்றினார்கள். போட்டார்கள். சிவப்பு. மறுபடி சிவப்பு. மாமா திரும்பித் தம்பியைப் பார்த்தார். பார்த்ததிலேயே எல்லாம் புரிந்துவிட்டது அவருக்கு. மறுபடி அணைத்துப் போட்டார். மறுபடியும் சிவப்பு. அக்காவின் உதடு வெளுத்தது. மாமா அவசரத்துக்கென்று வைத்திருந்த ரப்பர்ப் பையை எடுத்து, அதன் மூடியை அவள் மூக்கிலும் வாயிலும் அழுத்திப் பிடித்துக் காற்றை அமுக்கிச் செலுத்தத் தொடங்கினார். தம்பி சுவிட்சைப் போட்டான், அணைத்தான், போட்டான். பச்சை வருகிற வழியாகத் தெரியவில்லை. அமுக்கி அமுக்கி மாமாவின் விரல்கள் மரத்துப்போய் மடங்க மறுத்தன.

"நீ பிடி. நான் போடறேன்."

இடம் மாறினார்கள். தம்பி பையை அமுக்கினான். விட்டான். அமுக்கினான். பயத்தில் அவன் கை ஓடியது. முந்தைய காற்று வெளியே வருவதற்குள் அடுத்ததைத் திணித்தான். அக்காவின் கண்கள் விரிந்தன. பேச முடியாது. மார்பின்மேல், அவன் மணிக்கட்டின் கீழே அவளுடைய கை கிடந்தது. சொன்னதைக் கேட்கும் விரல் அதில் ஒன்றுதான் மிச்சம். அந்த விரல் எழுந்து அவன் மணிக்கட்டைத் தொட்டு, அங்கேயே நின்றது.

அவன் நிறுத்தினான்.

அவள் மார்பு இறங்கியது. இன்னும் இறங்கியது. போதும், போதும் என்று அவன் உடம்பெல்லாம் கத்தியது. விரல் எழவில்லை. பிறகு மெல்ல எழுந்து, ஒருமுறை தட்டியது. அவன் அமுக்கினான். விரல் மணிக்கட்டில் படுத்துக்கொண்டது. முதுகுக்குப் பின்னால் சுவிட்ச் விழும் சத்தம் கேட்டது, விசிறி முனகியது, மறுபடி சுவிட்ச். என்ன நிறம் என்று அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தான், அது எப்போது எழும் என்று.