சாசி நாளில் வீங்கிய வயிறு

மெல்கியோர் அன்று காலை எழுந்திருக்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி முடங்கிக் கிடந்தான். ஓர்பா உடனே அவனிடம் போகவில்லை. முதலில் தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்தினாள். சுவரில் தொங்கிய அவனுடைய வெட்டுக்கத்தியையும் முதுகுக்கூடையையும் எடுத்துக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். அதற்குப் பிறகுதான் புருஷனின் நெற்றியைத் தொட்டாள். கொதித்தது.

வேறு மாதமாக இருந்திருந்தால் அவளே வாசலில் நின்று கூப்பாடு போட்டு ஊரைக் கூட்டியிருப்பாள். இப்போது சாசி நடந்துகொண்டிருந்தது. ஈஸ்டர் கழிந்த ஞாயிறன்று கோயில் மணியை அடித்து, போதகர் ஜெபம் செய்து, ஹத்துமேரி ஊரின் தென்னைகளை எல்லாம் மூடியிருந்தார்கள். ஒவ்வொரு தோப்பின் முகப்பிலும் குருத்தோலை கட்டிய கம்பு நின்றது. தன் மரமே ஆனாலும் ஏறக்கூடாது. விழுந்து கிடப்பதைக்கூடப் பொறுக்கக்கூடாது. காயெல்லாம் கொப்பரைக்கு முற்றி, ஊர் கூடித் திறக்கிற நாள்வரை மீன்குழம்பில் தேங்காய்ப்பால் கிடையாது. காவலுக்கு ஆள் உண்டுதான். ஆனால் அசல் காவல் அந்த ஜெபம். அதை மீறியவனுடைய வயிறு வீங்கும். அதனால் சாசி காலத்தில் ஒருவன் வயிற்றைப் பிடித்தால் என்ன சாப்பிட்டாய் என்று அந்த ஊரில் யாரும் கேட்பதில்லை. எந்த மரம் என்றுதான் கேட்பார்கள்.

அதிலும் இந்த வாரம். போன ஞாயிறு ஆராதனை முடிகிற நேரத்தில், காவல் தலைவன் லேவி ஒரு சாக்கைக் கொண்டுவந்து பலிபீடத்துக்கு முன்னால் கொட்டினான். புதிதாக உரித்த தேங்காய் மட்டைகள். மஞ்சள் தோல், நார் இன்னும் ஈரம். கல்லறைத் தோட்டத்துக்குப் பின்னால் ஓடையில் கிடந்தனவாம். இளம் பெண்ணான போதகர் குனிந்து ஒரு மட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அப்புறம், எடுத்தவர் தானாக வந்து சொல்லட்டும், உடம்பு சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னார். வெளியே வரும்போது எல்லோரும் எல்லோருடைய வயிற்றையும் பார்த்துக்கொண்டு நடந்தார்கள். ஓர்பாவும் பார்த்தாள்.

அன்று மதியத்துக்குள் மெல்கியோர் இருமுறை வாந்தி எடுத்துவிட்டான். ஓர்பா அதைச் சாம்பல் போட்டு மூடிக் கொல்லைப்பக்கம் கொண்டுபோய்ப் புதைத்தாள். கேட்டவர்களிடம், மாவுக்குச் சாகோ மரம் வெட்ட மலைக்குப் போயிருக்கிறார், வர நாளாகும் என்றாள். ஊர்க் கம்பவுண்டர் மகள் கல்யாணம் என்று நகரத்துக்குப் போனவர் திரும்பவில்லை. இருந்திருந்தாலும் அவரைக் கூப்பிட்டிருக்க மாட்டாள்.

பக்கத்து வீட்டு டோர்ச்சி உப்பு வாங்குகிற சாக்கில் வந்தாள். உப்பை வாங்கிய பிறகும் போகாமல் படியில் உட்கார்ந்தாள்.

“உன் வீட்டுக்காரர் வெறுங்காலோடயா மலைக்குப் போனாரு?”

ஓர்பா குனிந்து பார்த்தாள். படிக்குக் கீழே மெல்கியோரின் ரப்பர் பூட்ஸ் ஜோடியாக நின்றது.

“அது கிழிஞ்சுபோச்சுக்கா. பழசை மாட்டிட்டுப் போனாரு.”

“கிழிஞ்சதை விட்டுட்டுப் பழசா? மாத்தி மாத்திப் போட அவ்ளோ பூட்ஸ் வெச்சிருக்காரா? என் புருஷன் கேட்டா வயிறெரிவான்.” டோர்ச்சி மூக்கை உறிஞ்சினாள். “தைல வாசனை ஆளைத் தூக்குதே.”

“எனக்குத் தலைவலி.”

“தலைதானே? அப்ப சரி.” வயிறு என்ற சொல்லை அவள் சொல்லவில்லை. சொல்லாமலே எழுந்து, சாத்தியிருந்த ஜன்னலை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள்.

கதவைத் தாழிட்டுவிட்டு ஓர்பா கட்டிலருகே வந்தாள். டோர்ச்சியை விரட்டிய பொய்யைவிட அவளை அரித்தது வேறொன்று. மட்டைகள் கிடைத்ததற்கு முந்தைய வாரம் ஒருநாள் மெல்கியோர் முழங்கால்வரை நனைந்து வந்தான். ஓடையைக் கடந்தேன் என்றான். ஓடைக்கு அந்தப் பக்கம் அவனுக்கு என்ன வேலை என்று அப்போது அவள் கேட்கவில்லை. தேங்காய்ப்பால் இல்லாத குழம்பைப் பார்த்து முகம் சுளித்துக்கொண்டே இருந்தவன், அன்று ராச்சாப்பாட்டை வேண்டாம் என்றான். வயிறு நிறைந்திருக்கிறது என்றானா, பசியில்லை என்றானா? யோசிக்க யோசிக்க, நிறைந்திருக்கிறது என்றுதான் சொன்னான் என்று அவளுக்கு உறுதியாகிக்கொண்டே வந்தது.

அழுக்குக் கூடையைக் கிளறி அவனுடைய சட்டையை எடுத்து மோந்தாள். மீன், புகை, வியர்வை. தோள்பட்டையில் ஒரு நார் ஒட்டியிருந்தது. தேங்காய் நாரா, கயிற்று நாரா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தெரியவில்லை. அவன் தூங்குகிறான் என்று நினைத்து அவனுடைய விரல்களையும் தூக்கி மோந்தாள்.

அவன் கண்ணைத் திறந்தான்.

“என்ன தேடுற?”

“ஒண்ணுமில்ல மார்லினப்பா. எங்கிட்ட மட்டும் சொல்லிடுங்க. ஒரு காயா இருந்தாலும் சரி.”

அவன் கையை இழுத்துக்கொண்டான்.

“ஊர் கேக்கட்டும். நீயுமா?” என்றான்.

ஓடைக்கு அப்பால் காட்டுப்பன்றிக் கண்ணி வைத்திருந்ததாகவும், ஒன்றும் விழாததால் சொல்லவில்லை என்றும் அவன் மூச்சு வாங்கிச் சொன்னான். அவள் தலையாட்டினாள். நம்பினாளா என்றால், இல்லை. ஒன்றும் விழாத கண்ணியை யார் போய்ப் பார்ப்பது?

மறுநாள் வலி வலப்பக்க அடிவயிற்றில் வந்து நின்றது. கால் நீட்ட முடியவில்லை. வயிறு பறை மாதிரி இறுகிவிட்டது. அவள் காய்ச்சிய சாகோக் கஞ்சி தொண்டையில் இறங்கவில்லை. இவன் திருடனாக வாழ்ந்தாலும் பரவாயில்லை, சாகக்கூடாது என்று அவளுக்குத் தோன்றியது அப்போதுதான். படகுத்துறைக்குப் போய், வளைகுடாவுக்கு அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு எப்படிக் கொண்டுபோவது என்று யோசித்துக்கொண்டு கதவைத் திறந்தாள். வாசலில் லேவி நின்றுகொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் தெருவோரத்தில் டோர்ச்சி.

லேவி தொப்பியைக் கழற்றினான். செத்த வீட்டில் கழற்றுகிற மாதிரி.

“நான் மலையிலேர்ந்துதான் வர்றேன் ஓர்பா. அங்க மெல்கியோர் இல்ல.”

அவள் வழியை மறித்து நின்றாள். உள்ளேயிருந்து முனகல் கேட்டது. அதற்குமேல் மறிப்பதில் அர்த்தமில்லை. லேவி உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தான். வயிற்றைத் தொடவில்லை.

நகரத்துக்குப் போகக்கூடிய எஞ்சின் படகு ஊரில் ஒன்றுதான். அது ஊர்ப் பொது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம்தான் என்றான் லேவி. ஆனால் கீழைக்காற்று காலம், கடல் சும்மாவே எகிறுகிறது. சாசிக் குற்றத்தைச் சுமந்த உடம்பை ஏற்றினால் படகோடு எல்லோரையும் கடல் காவு கேட்கும். எவனும் சுக்கானைத் தொடமாட்டான். கோயிலில் ஒரு வார்த்தை சொல்லித் தீர்த்துவிட்டால் உடனே கிளம்பலாம். அவன் கோபமாகச் சொல்லவில்லை. பொறுமையாக, குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னான். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

கட்டிலிலிருந்து மெல்கியோர் பேசினான். “எடுக்காததை எடுத்தேன்னு சொல்லிட்டு எந்த முகத்தோட திரும்பி வருவேன்? செத்தா இங்கயே பொதைங்க.”

அவன் பிடிவாதம் ஓர்பாவுக்குத் தெரியும். கல்யாணத்தன்று மாப்பிள்ளைச் செருப்பு கடித்தபோதுகூடக் கழற்றாமல் ரத்தத்தோடு நடந்தவன். அவள் லேவியைத் தாண்டி, டோர்ச்சியைத் தாண்டி, நேராகக் கோயிலுக்கு நடந்தாள்.

போதகர் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் பாட்டுத்தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். ஓர்பா பலிபீடத்துக்கு முன்னால் முழங்காலில் நின்றாள்.

“நான்தான் எடுத்தேன், போதகரம்மா.”

போதகர் தாள்களைக் கீழே வைத்தார். அவருக்கு ஓர்பாவின் மகள் மார்லின் வயதுதான் இருக்கும். “நெஜமாவா அம்மா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இது கோயில்.”

“நான்தான்.”

அதற்குள் லேவியும் பின்னாலேயே வந்துவிட்டான். தெருவும் வந்துவிட்டது. எந்த மரம் என்று அவன் கேட்டான். போன ஞாயிறு சாக்கைக் கொட்டிய இடத்தை ஓர்பா பார்த்தாள். மட்டைகளின் மஞ்சள் தோல் கண்ணுக்கு முன் வந்தது. மஞ்சள் காய் காய்ப்பது ஓடைக்கரையில் மட்டும்தான், குட்டை மரங்கள்.

“ஓடைக்கரை மஞ்சத்தென்னை. தொரட்டியால இழுத்தேன். அங்கயே ஒடைச்சுத் தின்னுட்டு, கொஞ்சம் கொழம்புலயும் போட்டேன். அவருக்குத் தெரியாது.”

பெண்கள் பக்கம் ஒரு முணுமுணுப்பு ஓடியது. லேவி மறுகேள்வி கேட்கவில்லை. எப்போது, எத்தனை, தொரட்டி யாருடையது, எதையும் கேட்கவில்லை. அவ்வளவுதான், முடிந்தது என்று போதகருக்கு முன்னால் அவனே சொன்னான். எதிர்வீட்டுப் பூனை மீனைத் தின்றாலே அரைநாள் விசாரிக்கிறவன். ஓடைக்கரைக்குத் தினமும் காவல் போகிறவன் வேறு யார் என்று ஓர்பாவின் மனதில் ஓடியது. அதைப் பிடித்துவைத்துக்கொள்ள நேரமில்லை. மணி அடித்தார்கள், போதகர் ஜெபம் செய்தார். ஆமென் சொல்லும்போது போதகரின் கண்கள் திறந்தேதான் இருந்தன, ஓர்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அதன்பின் ஊரே மாறிப்போயிற்று. நேற்றுவரை வேவு பார்த்தவர்கள் கட்டிலோடு மெல்கியோரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். டோர்ச்சி தன் போர்வையைக் கொண்டுவந்து அவன்மேல் போர்த்தினாள். படகில் லேவியே சுக்கானைப் பிடித்தான். அலை தூக்கித் தூக்கிப் போட்டதே தவிர யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இதையும் பின்னால் சாட்சியாகச் சொன்னார்கள்.

குடல்வால் வெடிக்கப் பார்த்தது, இன்னும் தாமதித்திருந்தால் ஆள் போயிருப்பார் என்று டாக்டர் சத்தம் போட்டார். ஏன் முதல் நாளே கொண்டுவரவில்லை என்று கேட்டார். ஓர்பா தலைகுனிந்து நின்றாள். தேங்காய் தின்றால் இது வருமா என்று மெல்லக் கேட்டாள். டாக்டர் முறைத்துவிட்டு, இதற்கும் தேங்காய்க்கும் என்னம்மா சம்பந்தம் என்றார். பக்கத்திலிருந்த லேவியும் அதைக் கேட்டான். கேட்டுவிட்டு, “கத்தி வைக்கிறதுக்கு முந்தியே தீர்த்துட்டோம், நல்லதாப் போச்சு” என்றான்.

மெல்கியோர் பிழைத்துக்கொண்டான். அவன் பிழைத்ததே ஓர்பா திருடியதற்கு அத்தாட்சியாயிற்று. பொய்யாகச் சொல்லியிருந்தால் குணமாகியிருக்குமா?

ஊர் அவளைத் தள்ளிவைக்கவில்லை. நன்றாகத்தான் நடத்தியது. மீன் கொண்டுவந்து கொடுத்தார்கள், தையல் பிரித்தாயிற்றா என்று விசாரித்தார்கள். கிணற்றடியில் மட்டும், ஓர்பா வருகிறாள், வாளியில் தேங்காய் ஏதும் இருந்தால் மறைத்துவையுங்கள் என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரிக்கக் கற்றுக்கொண்டாள். சிரித்துக்கொண்டே ஒவ்வொரு முகமாகப் பார்ப்பாள். இவளா, அவளா, லேவியா. உண்மையில் எடுத்தவர் வயிறு வீங்காமல் இந்தக் கூட்டத்தில்தான் எங்கோ நிற்கிறார். அவளுடைய வார்த்தையால் அவருக்கு விடுதலை கிடைத்துவிட்டது.

வீட்டில் ஒருவனாவது தெரிந்துகொள்ளட்டும் என்று, மெல்கியோர் எழுந்து உட்கார்ந்து தானே பப்பேடா என்கிற பசைபோன்ற சாகோக் களியைக் குச்சியில் சுருட்டிச் சாப்பிடத் தொடங்கிய அன்று அவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். உங்களைக் காப்பாற்றப் பொய் சொன்னேன், நான் எதையும் எடுக்கவில்லை.

அவன் வாயில் இருந்ததை விழுங்கினான்.

“மஞ்சத்தென்னைன்னு எப்படி உனக்குத் தெரியும்?”

“மட்டையைத்தான் கோயில்ல கொட்டினாங்களே. நீங்களும் பாத்தீங்களே.”

“நான் மட்டையைப் பாத்தேன். கலரு ஞாபகமில்ல.” அவன் தட்டை நகர்த்தி வைத்தான். “இதோ பாரு. நான் எடுக்கல. அது எனக்குத் தெரியும். இருந்தும் என் வயிறு வீங்கிச்சு. நீ போயி ஒரு வார்த்தை சொன்னதும் எறங்கிச்சு. ஒரே வீடு, ஒரே சட்டி. யாரு எடுத்தாலும் யாரு வயித்துல வேணாலும் விழும்.”

“டாக்டர் சொன்னாரே, குடல்வாலுன்னு.”

“குடல்வாலு எல்லாருக்கும்தான் இருக்கு. எனக்கு மட்டும் ஏன் இப்ப?”

சத்தியம் செய்யலாம். எங்கே செய்வது? கோயிலில் முழங்காலில் நின்று எடுத்தேன் என்று சொல்லியாயிற்று. அதே இடத்தில் போய் எடுக்கவில்லை என்றால், எந்த ஓர்பாவை நம்புவார்கள்? அந்த ஜெபம் பொய் என்றாகும். அப்புறம் இவனுக்கு ஒரு தலைவலி வந்தாலும் பழி தன்மேல்தான் வரும்.

“கோவமா இருக்கீங்களா?” என்றாள்.

“சேச்சே.” மெல்கியோர் அவள் கையைப் பிடித்தான். நோயில் மெலிந்திருந்தாலும் பிடி உறுதியாக இருந்தது. “எனக்காக ஊரு முன்னால மண்டி போட்டியே. எத்தனை பேருக்கு அந்தத் தைரியம் வரும்? நான் எப்பவோ மன்னிச்சுட்டேன்.”

அவன் குரலில் அன்பு இருந்தது. சந்தேகம் துளியும் இல்லை. அவள் தன் கையை அவன் கைக்குள்ளேயே விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

“ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு மார்லினம்மா,” என்றான் அவன், சற்றுக் குனிந்து, ரகசியம் கேட்பவன்போல. “குழம்புல போட்டேன்னியே, அது எந்த நாளு? நான் சாப்பிட்டதாவே ஞாபகம் இல்லயே.”