முடி வளர்ந்த ரிவால்வர்

1922ஆம் ஆண்டு ஐப்பசியில், ஆம்பூருக்கும் மாதனூருக்கும் நடுவிலிருந்த ஒரு காவல் நிலையத்தில், கொலை வழக்கில் கைப்பற்றி வைத்திருந்த ரிவால்வரின் குழலில் முடி முளைத்தது. பிடியில் முளைக்கவில்லை, தோட்டா போடும் உருளையில் முளைக்கவில்லை, குழலில் மட்டும்தான். ஒரே வாரத்தில் நான்கு விரற்கடை வளர்ந்து, மருதாணி போட்ட தாடியாகச் செக்கச்செவேலென்று தொங்கியது. அந்த வாரம் தோல் பதனிடுகிற ஆவாரம்பட்டை விலை ஏறியிருந்ததால் ஊர் இதைப் பெரிதாகப் பேசவில்லை.

செத்தவர் கிருபானந்தம் வாத்தியார். தோல் ஷெட்டின் சுண்ணாம்புத் தண்ணீர் குடிக்கிற கிணறுகளில் இறங்குகிறது என்று கலெக்டருக்கு மனு எழுதியவர். பிடிபட்டவன் அந்த ஷெட்டில் வேலை பார்த்த ஷபீ அஹமது. உலகப் போரில் பஸ்ரா சண்டைக்குப் போய்த் திரும்பியபோது அவன் குழல் உடைந்த ரிவால்வர் ஒன்றைக் கொண்டுவந்தான். தோலின் வால் பக்கம் அடையாளம் குத்துகிற பழக்கத்தில், அதன் மரப்பிடியில் மூன்று துளை போட்டான். ஷெட் முதலாளி சர்தார் பாஷா ஆசையாகக் கேட்கவே கொடுத்தும் விட்டான். பாஷா தன் தகப்பனாரின் பழைய துப்பாக்கியிலிருந்து குழலைக் கழற்றி அதில் பொருத்திக்கொண்டார். இதற்குச் சாட்சி கிடையாது. கொலைக்குப் பிறகு, அது எப்போதும் ஷபீயிடம்தான் இருந்தது என்று பாஷா சொன்னார். மூன்று துளைகளும் ஆமாம் என்றன. ரிவால்வரின் உடல் கருநீலம், குழல் பழுப்பு, இரண்டும் வேறு வேறு என்று குழந்தைக்கும் தெரியும். குழல் யாருடையது என்று நிரூபித்தால் ஷபீ பிழைப்பான். அந்தச் சிவப்பில் தாடி வைத்திருந்தவர் ஊரில் பாஷா ஒருவர்தான்.

ஆனால் கோர்ட்டுக்கு ஒரு நிபுணர் வேண்டுமே. முடி சம்பந்தப்பட்ட சங்கதி என்பதால், இன்ஸ்பெக்டர் தோல் தரம் பிரிக்கும் மக்பூல் அகமதைக் கூப்பிட்டார். முப்பது வருஷத்தில் ஒரு தோலைக்கூட மாற்றிச் சொல்லாதவர். ஷபீயின் மனைவி ஜஹீருன்னிசாவுக்கு அண்ணன் வேறு. மச்சானைக் காப்பாற்றியே தீருவது என்று வந்தவர், ரிவால்வரைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

"இன்னா சார் இது, மயிரோட கீற தோலுக்கு எவன் தரம் சொல்வான்? மூணு நாள் குடுங்க, சுத்தமா காட்டறேன்."

தோல்காரருக்கு முடி என்பது குப்பை. சுண்ணாம்பில் ஊறி, கத்தியால் சுரண்டிய பிறகுதான் தோலின் முகம் தெரியும், குத்திய அடையாளமும் தெரியும். மக்பூலும் குழலைச் சுண்ணாம்புக் குழியில் ஊறவைத்து, ஒரு முடி விடாமல் சுரண்டி, கழுவித் துடைத்தார். உள்ளே வெறும் இரும்புதான் இருந்தது. முடி ஆட்டு முடியோடு கலந்து, அணைக்கட்டுப் பக்கம் ஏதோ வயலுக்கு எருவாகப் போய்விட்டது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்று ஊர் சுலபமாகச் சொல்லிவிட்டது.

ஜஹீருன்னிசா மட்டும் அண்ணன் வாசலில் நின்று கேட்டாள்: "பாய்ஜான், நீங்க அவரு உசுரையில்ல சொரண்டிப் போட்டுட்டீங்க?" மக்பூல் அதன்பின் ஒரு தோலையும் தொடவில்லை.

முடியைப் பார்த்த கான்ஸ்டபிள்கள் ஐந்து பேர் இருந்தார்கள். பாஷா வீட்டுப் பிரியாணி சாப்பிட்ட பிறகு அது சிவப்பா கறுப்பா என்று ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. மறு வருஷம் ஆடியில் ஷபீயைத் தூக்கில் போட்டார்கள். அவனுக்கு வயது முப்பத்தொன்று.

சுண்ணாம்பு கண்ட குழலில் பிறகு எதுவும் முளைக்கவில்லை. ஆனால் ஷபீக்கு நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதிய அன்று, நிலையத்துக்குத் திரும்பி வந்திருந்த ரிவால்வரின் பிடியில் கறுப்பாக, சுருட்டையாக முடி வளர்ந்தது. செய்தி கேட்டு ஜஹீருன்னிசா தேங்காயெண்ணெயும் சீப்புமாக வந்தாள். யாரும் தடுக்கவில்லை. அதிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் வந்து, முக்காலி போட்டு உட்கார்ந்து, எண்ணெய் தடவி, சிக்கெடுத்து, வகிடு பிரித்து வாரிவிட்டுப் போனாள். பாஷா ஹஜ்ஜுக்குப் போய்வந்தார். ஷெட் இரண்டு ஷெட் ஆனது. கிணறுகள் உப்பாகின.

1934இல் புதிதாக வந்த இன்ஸ்பெக்டர் ஒருநாள் அருகில் நின்று பார்த்துவிட்டு, "என்னம்மா, அங்கங்கே வெள்ளையாத் தெரியுதே?" என்று கேட்டார்.

"அவருக்கு நாப்பத்திரெண்டு ஆவுது சார்" என்றாள் ஜஹீருன்னிசா. "நரைக்காதா?"

இன்ஸ்பெக்டர் அவளுடைய முக்காலியை ஜன்னலோரமாக, வெளிச்சத்தில் எடுத்துப் போடச் சொன்னார்.