உயர்த்திய வாசல்

அவர்கள் வாடகைக்குப் பார்க்க வந்த வீட்டின் பின்புறம், மதில் ஓரமாக, ஒரு மரக்கூண்டு நின்றது. முன்பு குடியிருந்தவர்கள் தங்கள் பிள்ளைகள் விளையாடக் கட்டிய குட்டி வீடு. கூரைத் தகரம் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. மண்ணைத் தொட்ட பலகைகள், விரலால் கிள்ளினாலே உதிர்ந்தன. பெரியவர்கள் தண்ணீர்க் குழாயையும் மின் மீட்டரையும் சோதித்துக்கொண்டிருந்தபோது சிறுமி அதற்குள் நுழைந்துவிட்டாள். பின்னாலேயே பட்டாணியும்.

பட்டாணி, லிஃப்ட் மெக்கானிக்கின் மகன், ஐந்து வயது. சிறுமி அவர் மறுமணம் செய்துகொண்டவளின் மகள், ஒன்பது வயது. இரண்டு குடும்பங்கள் ஒன்றாகி ஒரு வருடம் ஆகியிருந்தது. பட்டாணி முதல் வாரத்திலேயே புதியவளை அம்மா என்று கூப்பிட்டான். அக்காவுக்கு வாலும் ஆனான். சிறுமியோ மெக்கானிக்கை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சாப்பாட்டு மேசையில் உப்பு அவர் கையருகே இருந்தாலும், "அம்மா, உப்பு வேணும்னு அவர்கிட்ட சொல்லு" என்பாள். அம்மா சொல்லும்வரை அவரும் காத்திருந்து உப்பை நகர்த்துவார்.

"விடுங்க, நாளாகும்" என்பாள் மனைவி.

"ஆகட்டும். நான் எங்க ஓடவா போறேன்?" என்பார். ஆனால் அந்த 'அவர்' ஒவ்வொரு முறையும் எங்கோ தைத்தது.

வீடு பார்க்க வந்த அன்று கூண்டுக்குள்ளிருந்து சிறுமி வாய்விட்டுச் சிரிப்பது கேட்டது. அவர் பக்கத்தில் இருக்கும்போது அவள் அப்படிச் சிரித்ததில்லை. மெக்கானிக் மீட்டரை மூடினார். "இந்த வீட்டையே எடுத்துக்கலாம்" என்றார்.

குடிவந்த கொஞ்ச நாளில் கூண்டின் தரைப்பலகை உடைந்து சிறுமியின் கால் உள்ளே போனது. கணுக்காலில் நல்ல சிராய்ப்பு. இனி அந்தப் பக்கமே யாரும் போகக் கூடாது என்று அம்மா தடை போட்டாள். மெக்கானிக் டார்ச்சோடு போய் வாசலில் தலையையும் ஒரு தோளையும் நுழைத்துப் பார்த்தார். அதற்குமேல் அவர் உடம்பு போகவில்லை.

"நான் சரிபண்ணித் தரேன்" என்றார் அன்றைய சாப்பாட்டின்போது, பொதுவாக.

சிறுமி தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எப்போ முடியும்னு கேளும்மா" என்றாள். அவர் விஷயத்தில் அவளாகக் கேட்ட முதல் கேள்வி அது. மெக்கானிக்குக்குக் கையில் பிடிக்க முடியாத உற்சாகம்.

அதன்பின் விடுமுறை நாட்களெல்லாம் கூண்டுக்கே போயின. மனைவியின் தம்பி, ரொட்டி வேன் ஓட்டுபவன், கூடமாட உதவிக்கு வந்தான். மக்கிய பலகைகளைப் பெயர்த்து, அடியில் செங்கல் அடுக்கி, புதிய சட்டங்களைப் பொருத்தினார்கள். ஒவ்வொரு சட்டத்தின்மேலும் ரசமட்டத்தை வைத்து, அதன் காற்றுக்குமிழ் நடுவில் வந்து நிற்கும்வரை மெக்கானிக் மூச்சுவிடாமல் பார்ப்பார்.

"அத்தான், இதுல புள்ளைங்க விளையாடப்போகுதா, இல்ல பத்து மாடி ஏறப்போகுதா?"

"வேலைன்னா வேலை மாதிரி இருக்கணும் மாப்ள. அந்தத் தகரத்தைப் பிடி."

"பிடிச்சுக்கிட்டேதான் இருக்கேன். கை மரத்து அதுவும் இந்த வீட்டோட சேர்ந்த சட்டமாயிடுச்சு."

மெக்கானிக்கின் தொழிலில் எந்தப் பெட்டியைப் பார்த்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: உள்ளே ஆள் மாட்டிக்கொண்டால் எப்படி வெளியே எடுப்பது? சாப்பிடும்போதுகூட அவருக்கு போன் வரும். எங்கோ லிஃப்டில் மாட்டிக்கொண்டவர் பேசுவார். இவர் பிசைந்த கையோடு நிதானமாகச் சொல்வார்: "பதறாதீங்க. காத்து வரும். கதவைத் தள்ளாதீங்க. நான் இருக்கேன். உங்க பேரென்ன?" பெயரைக் கேட்டால் பதற்றம் பாதி இறங்கிவிடும் என்பது அவர் அனுபவம்.

ஆகவே கூண்டின் வாசலைப் பார்த்து அவருக்குப் பொறுக்கவில்லை. பிள்ளைகளில் ஒன்று உள்ளே மயங்கி விழுந்தால்? ரம்பத்தை எடுத்து வாசலை அகலமாகவும் தன் நெஞ்சுயரத்துக்கும் அறுத்தார். உள்ளே போய்ப் பார்த்தார், வெளியே வந்தார், திருப்தியானார். பச்சை பெயின்ட் அடித்து, காய்ந்ததும் மனைவியையும் பிள்ளைகளையும் கூப்பிட்டார்.

பட்டாணி ஓடிப்போய்க் குதித்துப் பார்த்தான். சிறுமி வாசலில் நின்றாள். மேலே பார்த்தாள், பக்கத்தில் பார்த்தாள். "நல்லா இருக்குன்னு சொல்லிடும்மா" என்று வீட்டுக்குள் போய்விட்டாள். மறுநாளும் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை.

"அவளுக்கு என்னடா ஆச்சு?" என்று மெக்கானிக் மகனைப் பிடித்துக் கேட்டார்.

"இப்போ நீங்க உள்ள வரலாம்ல, அதான்" என்றான் பட்டாணி. "முன்னாடி பெரியவங்க யாருமே வர முடியாது. அதனாலதான் அது எங்க வீடாம். அக்கா சொன்னா."

மெக்கானிக் போய் ரம்பத்தை எடுத்து வந்தார்.

"நீங்க வெச்சது கல்யாண மண்டப வாசல் அத்தான்" என்றான் அங்கே நின்ற மைத்துனன். "அவங்களுக்கு வேண்டியது பொந்து."

"சிரிக்காத. கடைக்குப் போய் அதே பச்சையில ஒரு டப்பா வாங்கிட்டு வா. நான் மறுபடி சின்னதாக்கிடறேன்."

வேன் கிளம்பியது. மெக்கானிக் பலகைகளை அறுத்து, பழைய அளவிலேயே வாசலைக் குறுக்கத் தொடங்கினார். ஸ்க்ரூ முனை வெளியே நீட்டிக்கொண்டு பிள்ளைகளைக் கீறக் கூடாது. வெளிமுகம் வழவழப்பாக இருக்க வேண்டும். அதனால் உள்ளே உட்கார்ந்து, உள்பக்கத்திலிருந்தே டிரில்லால் முடுக்கினார். கடைசி ஸ்க்ரூ இறுகியதும் டிரில்லின் பேட்டரி ஓய்ந்தது. ரசமட்டத்தை வைத்தார். குமிழ் அசையாமல் நடுவில் நின்றது. சந்தோஷமாக வெளியே போகத் திரும்பினார்.

தலை போனது. ஒரு தோள் போனது. மறு தோள் போகவில்லை. பின்னால் இழுத்துக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்தார். ஸ்க்ரூடிரைவர் வெளியே, கைக்கு எட்டாமல், புல்லில் கிடந்தது.

"டேய் பட்டாணி!"

வந்தது பட்டாணி மட்டுமல்ல. சிறுமியின் முகம் வாசலில் தெரிந்தது. அவரையும் வாசலையும் மாறிமாறிப் பார்த்தாள். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

"அப்பா மாட்டிக்கிட்டாரு!" என்று பட்டாணி குதித்தான். "லிஃப்ட் ரிப்பேர் பண்றவரே மாட்டிக்கிட்டாரு!"

"அந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் குடும்மா. ரெண்டு பலகையைக் கழட்டிட்டு வந்துடறேன்."

சிறுமி புல்லிலிருந்து அதை எடுத்தாள். கொடுக்கவில்லை. "கழட்டினா மறுபடி பெரிசாயிடும்" என்றாள்.

நடுவில் அம்மா இல்லை. நேராக அவரிடம்தான் சொன்னாள். மெக்கானிக் மூச்சைக்கூட மெல்ல விட்டார். "அப்போ நான் எப்படி வர்றது?"

அவள் மண்டியிட்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, நிதானமாகச் சொன்னாள்: "பதறாதீங்க. காத்து வரும். கதவைத் தள்ளாதீங்க. நான் இருக்கேன்."

ஒரு வார்த்தை பிசகவில்லை. இத்தனை நாளும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"உங்க பேரென்ன?" என்றாள்.

மெக்கானிக் வாசலுக்கு நெருக்கமாக நகர்ந்தார். "நீ என்ன வெக்கிறியோ அதான்" என்றார்.

அவள் ஸ்க்ரூடிரைவரைப் புல்லில் வைத்தாள்.

"அதை அப்புறம் சொல்றேன். இப்போ வலது கையை மட்டும் நீட்டுங்க. இல்ல, அது இடது. வலது. அப்புறம் தலை. டேய் பட்டாணி, சிரிச்சது போதும், வந்து பிடி. மூச்சை விட்டுட்டு வயித்தை உள்ள இழுங்க. இன்னும். இவ்வளவுதான் இழுக்க முடியுமா?"

"இவ்வளவுதாம்மா."

"சரி, பரவாயில்ல. ஒருபக்கமா சாய்ஞ்சுக்கோங்க."

இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமாக அவர் கையைப் பிடித்து இழுத்தார்கள். சட்டையில் ஒரு பொத்தான் தெறித்தது. பச்சை டப்பாவோடு திரும்பி வந்த மைத்துனன் பார்த்தபோது, அத்தான் புல்லில் மல்லாந்து கிடந்தார். பிள்ளைகள் கூண்டுக்குள் இருந்தார்கள்.

"என்ன அத்தான், படுத்துட்டீங்க?"

"ச்சூ. பேசாத."

உள்ளேயிருந்து சிறுமியின் தலை எட்டிப் பார்த்தது. "பெயின்ட் அடிக்கும்போது கதவைத் தட்டிட்டு அடிங்க" என்றாள், மெக்கானிக்கைப் பார்த்து. "திடீர்னு வரக் கூடாது."

"தட்டறேன்" என்றார் அவர், எழுந்து உட்கார்ந்து.