வாடியில் தொங்கிய ட்ரோன்

1

இந்தக் கதை எனக்குச் சும்மா கிடைத்தது. மதுரங்குளிச் சந்தியில் கட்டாக் கருவாடு வாங்க நின்றபோது, கடைக்கார மஸாஹிர் தராசைப் பார்த்தபடியே சொன்னார்: "கற்பிட்டிப் பக்கம் ஒரு வாடியில, காகம் தொங்குற கம்பத்தில ட்ரோன் தொங்கிச்சாம் சேர். ஆமிக்காரர் தேடிப் போன கதை தெரியுமா?"

தெரியாது. அதனால்தான் எழுதுகிறேன். மஸாஹிருக்கு நன்றி சொல்லாமல் தொடங்குவது முறையல்ல.

(காகம் எதற்குத் தொங்குகிறது என்று கேட்பவர்களுக்கு: வாடி என்பது கரையில் மீன் காயவைக்கும் இடம். அங்கே செத்த காகம் ஒன்றைக் கம்பத்தில் கட்டித் தொங்கவிடுவார்கள். தம் இனத்தில் ஒன்று தொங்குவதைப் பார்த்த காகங்கள் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காது.)

2

முதல் தொடக்கம்: "களப்பின் மீது காலைக் கதிரவன் தன் பொன்..." வேண்டாம். களப்புத் தண்ணீருக்கே சிரிப்பு வரும்.

இரண்டாவது: "நவீன யுத்தத்தில் ஆளில்லா விமானங்களின் வகிபாகம்..." இது பத்திரிகைக்காரர் வேலை.

மூன்றாவது: ஃபஸ்லானுக்கு வியர்த்துக் கொட்டியது.

இது போதும். இதோடு போகலாம்.

ஃபஸ்லானுக்கு வியர்த்துக் கொட்டியது. பக்கத்துக் கனமூலை ஊர்க்காரன், படையில் லான்ஸ் கோப்ரல். இத்தனை காலமும் களஞ்சியசாலையில் சப்பாத்தும் கூடாரமும் எடுத்துக் கொடுத்தவனை, நட்பு நாட்டுப் படையினர் நடத்திய ட்ரோன் பயிற்சிக்கு எப்படியோ தெரிவு செய்திருந்தார்கள். தேறினால் தன் அணிக்கு அவனே கற்பிப்பான். தேறாவிட்டால் மறுபடியும் சப்பாத்து. அன்று கடைசி நாள். மாலைக்குள் எல்லா ட்ரோன்களையும் திருப்பி ஒப்படைக்க வேண்டும். அவனுடையதைக் காணவில்லை.

3

அவனுக்குக் கற்பித்த சார்ஜன்டின் பெயர் என் வாயில் நுழைய மறுக்கிறது. நாட்டின் பெயரையும் எழுதி அழித்துவிட்டேன். கழுத்தில் சிலுவை போட்டிருந்தாராம். எனவே தலவில கிறிஸ்தவக் கோயில் பக்கத்து மீனவர் ஒருவரின் பெயரை இரவல் வாங்கி, மனுவேல் என்கிறேன்.

மனுவேல் உண்மையான போரிலிருந்து வந்தவர். ட்ரோன் பறக்கவிட்டவர், ட்ரோனுக்குப் பயந்து குழிக்குள் கிடந்தவரும்கூட. தெரிந்த எதையும் அவர் ஒளிக்கவில்லை. ஃபஸ்லானின் அரைகுறை ஆங்கிலத்துக்காக ஒன்றையே மூன்று தரம் சொல்வார். இப்படி ஒருவர் தன்னை மதித்துக் கற்றுத்தந்ததில்லை என்று ஃபஸ்லான் தன் உம்மாவிடம் போனில் சொன்னான். அல்லாஹ் அவருக்கு நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும் என்று உம்மா துஆச் செய்தார்.

மனுவேல் சொன்ன இரண்டு பாடங்கள் இந்தக் கதைக்குத் தேவை. ஒன்று: காற்று பலமென்றால் தாழப் பற. மற்றது: மேலே சத்தம் கேட்டால் நிமிர்ந்து பார்க்காதே, முகம் உன்னைக் காட்டிக்கொடுக்கும்.

கற்பிட்டிக் காற்றைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஃபஸ்லான் பாடத்தில் கேட்டபடி தாழப் பறந்தான். காகங்கள் மீனில் இறங்க அஞ்சினாலும், வாடிகளுக்கு மேலே தாழ்ந்த வானம் அவற்றுக்கே சொந்தம் என்பதைப் பாடத்தில் யாரும் சொல்லவில்லை. கருவாடு தின்னத் தெரிந்த கனமூலைக்காரனுக்கும் அது நினைவில் வரவில்லை. காகங்கள் கூட்டமாகப் பாய்ந்தன. ட்ரோன் விழுந்து, கையிலிருந்த திரை இருளுமுன் அதில் தெரிந்தது, அண்ணாந்து பார்த்த ஒரு பெண்ணின் முகம்.

"அவர் மேலே பார்க்கிறார்," என்றார் மனுவேல் மெல்ல. "எங்கள் ஊரில் இப்போது யாரும் மேலே பார்ப்பதில்லை."

4

அந்தப் பெண் நஃபீஸா. தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து வந்தவர். ஃபஸ்லானும் மனுவேலும் போய்ச் சேர்ந்தபோது மீன் கீறிக்கொண்டிருந்தார். கம்பத்தில் ட்ரோன் ஒற்றைக் காலில் தலைகீழாக ஆடியது.

(இந்த இடத்தில் சிரிக்கலாம். மனுவேலும் சிரித்தார், கண்ணில் நீர் வரும்வரை. பிறகு அது சிரிப்பாக இருக்கவில்லை என்று எழுதி, வெட்டி, மறுபடி எழுதியிருக்கிறேன்.)

"ராத்தா, காகத்துக்குக் கட்டினீங்களா?" அக்காவைக் கேட்பதுபோலக் கேட்டான் ஃபஸ்லான்.

"காகத்துக்கு என்னத்துக்கு மகன்? காகத்துக்குக் காகம் இரிக்கிதே, அந்தா." அடுத்த கம்பத்தைக் காட்டினார். "இது இதுட சனத்துக்கு. இது தொங்குறதக் கண்டா மத்தது இனி வராது."

காகத்தை விரட்டத்தான் ட்ரோனைக் கட்டினார்கள் என்று மஸாஹிரும் நானும் நம்பியிருந்த கதை இந்த இடத்தில் கவிழ்ந்தது.

"மன்னார்ல மேல சத்தம் கேட்டா எங்கட உம்மா எங்களக் கட்டிலுக்குக் கீழ தள்ளுவா," என்றார் நஃபீஸா. "இங்க வந்துதான் நான் வானத்தப் பாக்கப் பழகினேன். அதையும் கெடுத்துப் போடாதீங்க."

ஃபஸ்லான் மொழிபெயர்த்தான். மனுவேல் தொப்பியைக் கழற்றினார்.

5

முடிவுகள்.

(அ) ட்ரோன் தொங்கட்டும், கடலில் விழுந்ததென்று மனுவேல் சொல்லிவிடுவார். நடக்காது. அவரை எனக்கு ஒரு பக்க அளவுக்குத்தான் தெரியும், ஆனாலும் பொய் சொல்ல மாட்டார்.

(ஆ) ஃபஸ்லான் அதைப் பறித்துக்கொண்டு... இல்லை. அப்படிப்பட்டவனை நான் இவ்வளவு தூரம் கூட்டி வந்திருக்க மாட்டேன்.

(இ) இதுதான் நடந்ததாம். ஃபஸ்லான் கயிற்றைத் தொடாமல் நின்றான். "நீங்க வேணாமெண்டா விட்டுட்டுப் போறேன் ராத்தா. எனக்குக் களஞ்சியசாலை பழகின இடம்தான்."

நஃபீஸா அவனை ஏற இறங்கப் பார்த்தார். மீன் கையைச் சீலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, தானே முடிச்சை அவிழ்த்தார்.

"உங்கட வேலை போக வேணாம் மகன். இந்தா. ஆனா நீங்கதானே இனி மத்தவங்களுக்குப் படிச்சிக் குடுக்கப் போறீங்க? அப்ப இதையும் சேத்துப் படிச்சிக் குடுங்க."

"எத ராத்தா?"

அவர் வானத்தைப் பார்த்தார். மனுவேலும் அண்ணாந்து பார்த்தார். அவர் கழுத்து அதற்குப் பழக்கமில்லாமல் மெல்லத்தான் நிமிர்ந்தது. பிறகு தமிழில் தனக்குத் தெரிந்த ஒரே சொல்லைச் சொன்னார்: "நன்றி."

6

ஃபஸ்லான் தேறினான். திங்கட்கிழமை அவனுக்கு முதல் வகுப்பு. முன்வரிசையில் இளம் சிப்பாய்கள். மேசையில் அந்த ட்ரோன், ஒரு காலில் இன்னும் கயிற்றுத் தடம். ஃபஸ்லான் எழுந்து நிற்கிறான்.

அவன் சொல்லும் முதல் வாக்கியத்தைப் பல தடவை எழுதிப் பார்த்தேன். ஒன்றும் நஃபீஸா அவிழ்த்த முடிச்சுக்கு ஈடாகவில்லை. இதுவரை கூட வந்த உங்களுக்கு நன்றி. அந்த வாக்கியத்தை நீங்கள்தான் சொல்ல வேண்டும். சொல்லுமுன் வெளியே போய், ஒரு தரம் பயமில்லாமல் அண்ணாந்து பார்த்துவிட்டு வாருங்கள்.