இட்டேரியில் யாரும் இல்லை

எங்கள் ஊரிலிருந்து மெயின் ரோட்டுக்கு இட்டேரி வழியாக நாற்பது நிமிட நடை, அங்கிருந்து டவுன் பஸ். இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் ஒரு வண்டித் தடம். ஒன்பதாவதோடு என்னை நிறுத்தி பனியன் கம்பெனிக்கு அனுப்பியபோது இவ்வளவு தூரம் நடக்க வேண்டுமா என்று அழுதேன். ஒரே மாதத்தில் அந்தத் தடத்துக்காகவே கம்பெனிக்குப் போகிறவளாகிவிட்டேன்.

கம்பெனியில் எட்டரைக்கு உட்கார்ந்தால் ஆறு மணி வரை தைத்த பனியனில் நூல் பிசிறு வெட்ட வேண்டும். மெஷின் சத்தத்தில் என் நினைப்பே எனக்குக் கேட்காது. வீடு ஒரே அறை, ஐந்து பேர். சும்மா உட்கார்ந்தால் யாராவது எதையாவது எடுக்கச் சொல்வார்கள். இட்டேரியில் யாரும் எதுவும் சொல்வதில்லை. அதை நடந்து முடித்த நாளில் சோறு ருசிக்கும், தூக்கம் வரும்.

ஆவணியில் கம்பெனி வேன் வாங்கியது. பெண்களைக் காசு வாங்காமல் வீட்டு வாசலிலேயே ஏற்றி வாசலிலேயே இறக்கிவிடுவார்களாம்.

"மொதலாளி நல்லா இருக்கோணும். எம்புள்ள கால் தேய நடந்துச்சு" என்றாள் அம்மா.

முதல் நாள் பதினான்கு பேர் நெருக்கி உட்கார்ந்து போனோம். ஜன்னல் வழியே பார்த்தேன். வேன் இட்டேரிக்கு வராமல் தார் ரோட்டில் சுற்றிக்கொண்டு போனது. இரண்டாம் நாள் தாவணியால் வாயைப் பொத்திக்கொண்டு, தொண்டைக்குள் விரலை விட்டேன். மூன்றாம் நாளும் விட்டேன்.

"ஐயோ, புதுச் சீட்டு!" என்று வேன் ஓட்டும் சுப்பண்ணன் பதறினார். "உனக்கு வேன் ஒத்துக்காது கண்ணு. பழையபடி டவுன் பஸ்ஸுலயே வந்துரு."

எனக்குப் பக்கத்தில் பிசிறு வெட்டும் மயிலாள் விடவில்லை. "டவுன் பஸ்ஸுல வராத வாந்தி வேன்ல மட்டும் வருதாமா? வாந்திகூட காசு குடுத்தாத்தான் நிக்குமாட்ட இருக்குது!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று சாயங்காலம் இட்டேரியில் வேண்டுமென்றே மெதுவாக நடந்தேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். எங்கள் வளவில் ஆறு வீடுகளுக்கும் சேர்த்துப் பின்னால் ஒரு ஓலைக் குடிசை உண்டு, சாளை என்போம். வீட்டுக்குத் தூரமானால் மூன்று நாள் அங்கேதான். கம்பெனிக்கும் போக முடியாது. யாருக்கு எந்தத் தேதி என்பது ஆறு வீட்டுக்கும் மனப்பாடம். அந்த மாதம் நான் யாரிடமும் சொல்லவில்லை. கம்பெனி வேஸ்ட் துணி கையில் இருந்தது, சமாளித்துக்கொண்டேன். மூன்று நாளும் நடந்தேன்.

இரண்டு வாரம் கழித்து, குழாயடியில் மயிலாளின் அம்மா முத்தாயி என் அம்மாவைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏனக்கா, உம்புள்ள இந்த மாசம் சாளைப் பக்கமே காணோம்?"

"வருவா, வருவா."

"வேன்ல வாந்தி எடுத்தாளாமா. இப்ப தனியா இட்டேரில வாராளாமா. நா ஒண்ணுஞ் சொல்லலீங்கக்கா. ஊருதான் பேசுது."

அம்மா பாதிக் குடத்தோடு வந்து கதவைச் சாத்தினாள். ஈரக் கையை என் வயிற்றில் வைத்து அழுத்தினாள்.

"யாரு?"

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

"எனக்கு வந்துச்சும்மா. நாந்தான் சொல்லல."

"தீட்டோட ஊட்டுக்குள்ள சுத்துனயா? வெளக்கத் தொட்டயா?"

"தொட்டேன்."

"வாந்தி?"

"வெரல உட்டேன்."

"எதுக்கடி இத்தனையும்?"

"நடக்கறதுக்கு."

அம்மா என் முகத்தையே பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "அங்க யாரு இருக்கறா?"

"யாரும் இல்லம்மா. அதுக்குத்தான்."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. குடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். "இதப் போயி வெளிய சொன்னா எவ நம்புவா? எனக்கே நம்ப முடியல."

திங்கட்கிழமை அவளே என்னை வேனில் ஏற்றிவிட்டாள். சுப்பண்ணன் ஒரு கவரை நீட்டினார். வேண்டாம் என்றேன். ஒவ்வொரு பள்ளத்திலும் எல்லோரும் திரும்பி என் வாயைப் பார்த்தார்கள். டீசல் வாடையும் பதினான்கு தலைகளின் எண்ணெய் வாடையும் சேர்ந்து, விரலே இல்லாமல் குமட்டிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்து விழுங்கினேன்.

"வருதா?" என்றாள் மயிலாள்.

"இல்ல" என்றேன்.

பத்து நாளில் எனக்குத் தூரமானது. அம்மா என்னைச் சாளையில் உட்கார வைத்துவிட்டுக் குழாயடியில் நின்று, ஆறு வீட்டுக்கும் கேட்கும்படி சத்தம் போட்டாள்: "முத்தாயி! எம்புள்ள ஒதுங்கி உக்காந்திருக்குது. ரண்டு கொடம் தண்ணி ஊத்தீட்டுப் போ!"

முத்தாயி தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. ஊர்ப் பேச்சு நின்றது.

நான்காம் நாள் தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்ததும் அம்மாவிடம் கேட்டேன். "இனி பஸ்ஸுல போகட்டுமா?"

"மறுக்காவுமா? வாசல்லயே வேன் வருது. மழையில்ல, வெயிலில்ல. எதுக்கு நடக்கோணும்?"

எதுக்கு என்று எனக்குத் தெரியும். அதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. வாயைத் திறப்பதற்குள் வாசலில் ஹாரன் அடித்தது. அம்மா டிபன் பாக்ஸை என் கையில் கொடுத்தாள். சுப்பண்ணன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். மயிலாள் நகர்ந்து இடம் விட்டாள்.