ஜெயம்மாள் சொல்லாமல் எழுந்து வந்த வீடு

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. என் மனைவி ஜெயம்மாள் சொன்னதைத் திருடிக்கொண்டேன். அவளிடம் சொல்லிவிட்டுத்தான் திருடினேன். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் பிறந்து, கள்ளக்குறிச்சிக்கு வாழ்க்கைப்பட்டு, தையல் கடை வைத்து, சபையாரோடு விமானம் ஏறி ஆப்பிரிக்காவில் மலாவிக்கு ஊழியத்துக்குப் போய்வந்தவள் அவள். நான் சபைக்குப் போகாதவன், சென்னையைத் தாண்டாதவன். ஆனாலும் பஸ் ஸ்டாண்டில் யார் அகப்பட்டாலும் இதைச் சொல்லிவிடுகிறேன். பெருமைதான். மறைக்க என்ன இருக்கிறது?

2

முதல் தொடக்கம்: ‘செம்மண் பூமியில் கதிரவன் உதித்தபோது, தேவ அழைப்பைச் சுமந்த எட்டுப் பேர்—’

படித்துக் காட்டினேன். “யாரு, நாங்களா? அந்நேரத்துக்கு பாத்ரூமுக்கு லைன்ல நின்னுக்கினு இருப்போம்” என்றாள். அந்த வரியை அடித்துவிட்டேன்.

அவள் சொன்னபடி இரண்டாவது தொடக்கம்: விடிந்ததும் ஜெபம், பிறகு தண்ணீர் தூக்குவது. மதியம் மக்காச்சோள மாவில் களி. மலையில் களி தின்று வளர்ந்தவளுக்கு அது ஒன்றும் புதிதில்லை. ஊறுகாய் இல்லாமல் தவித்ததெல்லாம் கள்ளக்குறிச்சிக்காரர்கள். சாயங்காலம் பெண்களுக்குத் தையல் வகுப்பு, நடத்தியது என் ஜெயம்மாள். பாஷை தெரியாது. துணியைக் காட்டுவாள், கத்தரிக்கோலைக் காட்டுவாள், தப்பாக வெட்டினால் தலையில் அடித்துக்கொள்வாள். (எங்கள் கடையில் தமிழ் தெரிந்தவர்களுக்கும் இதே பாடம்தான்.)

3

அந்த வகுப்புக்கு வந்தவள் எஸ்நாத். அவளை எனக்கு எழுத வரவில்லை. ‘அவள் கண்களில் ஒரு—’ வேண்டாம், நான் அந்தக் கண்களைப் பார்த்ததில்லை. ஜெயம்மாள் சொன்னது இவ்வளவுதான்: ஜாஸ்தி பேச மாட்டாள், துணியை நேராக வெட்டுவாள், இடுப்பில் எப்போதும் ஒரு பெண் குழந்தை. புருஷன் காய்ச்சலில் கிடந்தான். இவர்கள் ஊர் திரும்பச் சில நாள் இருக்கும்போது செத்துப்போனான்.

எட்டுப் பேரும் இழவு வீட்டுக்குப் போனார்கள். ஜெயம்மாள் எஸ்நாத்தின் தலையை மடியில் வைத்துக்கொண்டு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தாள். அடக்கம் முடிந்ததும் எட்டுப் பேரும் எழுந்தார்கள். ஒரு வார்த்தை பேசாமல், திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்துவிட்டார்கள்.

[சாவு வீட்டில் நாம் ‘போய்ட்டு வரேன்’ என்று சொல்வதில்லை. சொன்னால் இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்று ஆகிவிடும். இதை அவர்கள் யோசித்துச் செய்யவில்லை. கால் தானாக எழுந்து நடந்தது.]

மறுநாள் அந்த ஊர்ப் போதகர் வந்தார். எஸ்நாத் அழுகிறாள், நான் என்ன தப்பு செய்தேன், ஏன் எல்லோரும் கோபித்துக்கொண்டு போனார்கள் என்று கேட்கிறாள் என்றார். சொல்லாமல் போனால் உறவு அறுந்தது என்று அங்கே எடுத்துக்கொள்வார்களாம். (மலாவி முழுக்க அப்படியா என்று என்னைக் கேட்காதீர்கள். எஸ்நாத்துக்கு அப்படி.)

4

குழுவின் தலைவி செவ்வந்தி டீச்சர். விசுவாசிகளுக்கு இந்த மூடநம்பிக்கையெல்லாம் எதற்கு, நானே போய் ‘போய்ட்டு வரேன்’ என்று சொல்லிவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். வாசல் வரைக்கும் வீரமாகத்தான் போனார். உள்ளே அந்தக் குழந்தையும் காய்ச்சலில் பாயோடு கிடந்தது. டீச்சர் ஜெபம் பண்ணிவிட்டு, மறுபடியும் சொல்லாமலே வந்துவிட்டார்.

நான் சிரித்தேன். ஜெயம்மாள் சிரிக்கவில்லை.

“அந்தக் கொயந்தைக்கு எதுனா ஒண்ணு ஆயிட்டா? எந்த வாயால சொல்றது, சொல்லுங்க.”

5

முடிவு அ: சொல்லாமலே விமானம் ஏறுகிறார்கள். எஸ்நாத் ஆயுசுக்கும் தன்னை நொந்துகொண்டிருப்பாள். இதை எழுத எனக்கு மனசு வரவில்லை.

முடிவு ஆ: ஜெயம்மாள் உள்ளே போய்த் தைரியமாகச் சொல்கிறாள், அந்த நிமிஷமே குழந்தை எழுந்து உட்கார்கிறது, எல்லோரும் அல்லேலூயா— “பொய்யி” என்றாள். அதையும் அடித்துவிட்டேன்.

நடந்தது இது. ஊருக்குக் கிளம்பும் காலையில் ஜெயம்மாள் தனியாக எஸ்நாத் வீட்டுக்குப் போனாள். குழந்தையைத் தூக்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள், எஸ்நாத்தின் கையைப் பிடித்தாள், வேன் நிற்கும் ரோடு வரைக்கும் நடத்திக் கூட்டிவந்துவிட்டாள். எங்கே சொல்லிவிடுவாளோ என்று டீச்சர் பதறிப்போனார்.

“வூட்லதான டீச்சர் சொல்லக் கூடாது? இது ரோடு. இங்க சொல்லலாம்” என்றாள் ஜெயம்மாள்.

சொன்னாள். அவளுக்குப் பின்னால் எட்டுப் பேரில் மிச்சம் இருந்தவர்களும் ஒவ்வொருவராகச் சொன்னார்கள், டீச்சர் உட்பட.

(தன் பயத்தையும் விடவில்லை, எஸ்நாத்தையும் விடவில்லை. இவள் என் மனைவி. இந்த வரியை எந்தத் திருத்தத்திலும் அடிக்க மாட்டேன்.)

குழந்தைக்குக் காய்ச்சல் விட்டதாகப் போதகர் அப்புறம் போன் செய்தார். சொன்னதாலும் இல்லை, சொல்லாததாலும் இல்லை, மாத்திரையால் என்கிறாள் ஜெயம்மாள்.

6

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. ரோட்டில் எஸ்நாத் பதில் சொன்னாள். ஜெயம்மாளின் கன்னத்தைத் தொட்டு, தன் பாஷையில். போதகர் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்ததால் மொழிபெயர்க்க ஆளில்லை. போன் போட்டு அர்த்தம் கேட்கலாமே, கதைக்கு நல்ல முடிவாக இருக்கும் என்றேன்.

“வேணாங்க. எனுக்குப் புரிஞ்சிது.”

“இன்னா புரிஞ்சிது?”

கடை திறக்கப் போய்விட்டாள்.

ஆகவே கடைசி வரி என்னிடம் இல்லை. அதைக் கேட்க வேண்டியது நீங்கள்தான். ஏதோ ஒரு சாவு வீட்டிலிருந்து வாய் திறக்காமல் எழுந்து வந்தவர்தானே நீங்களும். அந்த ரோட்டில் போய் நில்லுங்கள். குழந்தையை என் மனைவி வைத்திருக்கிறாள், உங்கள் கை சும்மாதான் இருக்கிறது. எஸ்நாத் உங்களைப் பார்த்துப் பேசத் தொடங்குகிறாள்.