பெட்டிக்குள் கலியம்மாள்

இப்போதெல்லாம் எவனும் படத்தைச் சுவரில் மாட்டுவதில்லை. கல்யாணம் என்றால் ஆயிரம் படம் எடுக்கிறான். இலையில் விழுந்த சோற்றை எடுக்கிறான், கழற்றி விட்ட செருப்பை எடுக்கிறான், எல்லாவற்றையும் போனுக்குள் போட்டுத் தடவிக்கொண்டே திரிகிறான். ஆள் செத்தால் மாலை போட ஒரு படம் கிடையாது. இதை நினைத்தாலே வெங்காயக் காட்டுக்காரர் ஆண்டவருக்குப் பற்றிக்கொண்டு வரும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். கையால் தொட்டுப் பார்க்காத எதையும் எழுபத்து மூன்று வயது வரைக்கும் நம்பியதில்லை.

அன்று காலை அழகேசன் வந்து நின்றபோது அந்த எரிச்சல் இரண்டு மடங்கானது. அழகேசன் அவருடைய பக்கத்துக் காட்டுக்காரர். பெண்சாதி கலியம்மாள் போய்ப் பதினைந்து நாளாகிறது. மறுநாள் கருமாதி. கலியம்மாள் படம் என்று உலகத்தில் இருப்பது ஆதார் கார்டில் உள்ளது ஒன்றுதான்.

"அதுல அவ என்னைய ஸ்டேஷன்ல புடிச்சுக் குடுக்கப் போறவ மாதிரி பாக்குறாய்யா," என்றார் அழகேசன். "பொழுதுக்கும் சிரிச்சுக்கிட்டு இருந்தவ. அந்தப் படத்துக்கு நான் எப்படி மாலை போடுவேன்?"

எட்டு வருஷத்துக்கு முன் அழகேசனின் தங்கச்சி மகள் கல்யாணத்தில் வீடியோ எடுத்தது ஆண்டவரின் மகன் ராஜவேல். அதில் கலியம்மாள் பந்தியில் நிற்பாள். ராஜவேல் இப்போது தோஹாவில் வண்டி ஓட்டுகிறான். வாலிகண்டபுரத்தில் வீட்டின் முன்னறையில் இருக்கும் ஸ்டுடியோவை மருமகள் தனம்தான் நடத்துகிறாள். மாலை ஐந்து மணிக்குள் படம் வந்தால் பெரம்பலூரில் பிரேம் போட்டுத் தந்துவிடுவார்கள்.

தனம் அழகேசனிடம் ஒளிக்காமல் சொன்னாள். அந்தக் கல்யாணம் இருக்கும் ஹார்டு டிஸ்க் சாகக் கிடக்கிறது. சூடேறினால் நின்றுவிடுகிறது. இன்னும் எத்தனை தடவை எழுந்திருக்கும் என்று தெரியாது. அதற்காகத்தான் ஒரு மாதமாக ஒரு பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாள்.

அந்தப் பெட்டியை ஆண்டவருக்கு வந்த நாளிலிருந்தே பிடிக்கவில்லை. அரியலூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரை மூடியபோது எடைக்குப் போட்ட கம்ப்யூட்டரை இவள் வாங்கி வந்தாள். திறந்தால் உள்ளே விரல் கனத்துக்கு சிமெண்டுத் தூசி. பெயிண்ட் பிரஷ் வைத்து இரண்டு நாள் தட்டினாள். பழைய சிசிடிவி கேமரா பெட்டிகளிலிருந்து நாலு டிஸ்க் கழற்றிச் சேர்த்தாள். இராவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்குமாம், எல்லாக் கல்யாணமும் இதற்குள் இருக்குமாம், எந்த ஊரிலிருந்தும் போனில் எடுத்துப் பார்க்கலாமாம். எவனோ தூக்கிப் போட்டதில் ஊரார் கல்யாணத்தையெல்லாம் போட்டு வைப்பதாவது என்று அவர் முணுமுணுத்ததைத் தனம் காதில் வாங்கவில்லை.

சாகக் கிடந்த டிஸ்க்கைப் பெட்டியில் மாட்டி ஓட விட்டாள். அந்த ஒரு கல்யாணம் மட்டும் நகலாக ஒன்றரை மணி நேரம் ஆகுமாம். சித்திரை வெயில். திரையில் சூட்டைக் காட்டும் எண் ஏறிக்கொண்டே போனது. ஐம்பத்தெட்டு வந்ததும் டிஸ்க் டொக், டொக் என்று இரண்டு தடவை தட்டி நின்றது. அரை மணி நேரம் ஆற விட்டு மறுபடி போட்டாள். மறுபடியும் அதே எண்ணில் நின்றது.

அழகேசன் ஸ்டூலில் உட்கார்ந்து அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார், ஐ.சி.யூ. வாசலில் உட்கார்ந்தவர் மாதிரி. ஆண்டவரால் அதைப் பார்க்க முடியவில்லை.

"மூடி வச்சா அவியாம என்னா செய்யும்?" என்று எழுந்து வந்தார். சின்ன வெங்காயம் போட்டு வைக்கிற பட்டறையை நாற்பது வருஷமாகக் கட்டுகிறவர் அவர். கீழே கல் வைத்துத் தூக்கி, நாலு பக்கமும் காற்றுப் புகும்படி படல் கட்டிப் போட்டால் வெங்காயம் மூன்று மாதம் கிடக்கும். பெட்டிக்கு அடியில் இரண்டு செங்கல் கொடுத்தார். பக்கத் தகடுகளைக் கழற்றச் சொன்னார். டேபிள் ஃபேனை நேராக முகத்தில் திருப்பி வைத்தார்.

"தொறந்தா சரியா வராதுங்க மாமா," என்றாள் தனம்.

"வெங்காயத்த விடவா இது?"

மறுபடி ஓட விட்டும் எண் குறையவில்லை. ஐம்பத்தாறு. அந்த எண்ணே பொய் என்றார் ஆண்டவர். டிஸ்க்கின் மேல் உள்ளங்கையை வைத்தவர் சுரீரென்று எடுத்துக்கொண்டார். தனம் ஓட்டத்தை நிறுத்தினாள். அவள் முகத்தில் முதல் தடவையாகப் பயம் தெரிந்தது. இனி ஒரு தடவை எழுந்தால் பெரிது என்றாள். அழகேசன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

ஆண்டவர் பீடியைப் பற்ற வைத்தார். இங்கே குடிக்கக் கூடாது என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். இப்போது சொல்லவில்லை. அவர் குடிக்கவும் இல்லை. புகையும் பீடியை ஃபேனுக்கு முன்னால் நீட்டிக் குனிந்து பார்த்தார். புகை பெட்டியின் தலைக்கு மேலும் இரண்டு பக்கமும் ஓடியது. டிஸ்குகளுக்கு நடுவில் ஒரு இழைகூட நுழையவில்லை. ஐந்தும் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக் கிடந்தன.

"சுத்திக்கிட்டுப் போவுதும்மா," என்றார் மெல்ல. "பட்டறைய அகலமாப் போட்ட கதை. வெளியில காத்து, நடுவுல அவிச்சல்."

"அதத்தாங்க சொன்னேன். தொறந்தா அது இஷ்டத்துக்குப் போயிடும். போற வழிய நாமதான் வைக்கணும்."

இருவரும் வேலையில் இறங்கினார்கள். சைக்கிள் டியூபைத் துண்டு துண்டாக நறுக்கி ஒவ்வொரு டிஸ்க்குக்கும் இடையில் ஒரு விரற்கடை இடைவெளி கொடுத்தார் அவர். ஆல்பம் வரும் அட்டைப் பெட்டியைக் கிழித்துப் பக்கங்களையும் மேலேயும் அடைத்தாள் அவள். முன்னால் ஒரு வாய், பின்னால் ஒரு வாய். பின்வாயில் ஒரு சின்ன ஃபேனைச் சூட்டை வெளியே இழுக்கும்படி திருப்பிக் கட்டினாள். ஆண்டவர் மறுபடி பீடியை நீட்டினார். புகை முன்வாயில் சுருண்டு புகுந்து, பின்வாயில் கோடு கிழித்த மாதிரி வெளியே வந்தது.

போட்டாள். டிஸ்க் முனகியது, எழுந்தது. நாற்பத்தொன்று. நாற்பத்து நான்கு. நாற்பத்தாறில் நின்றது. ஒன்றரை மணி நேரமும் நாற்பத்தாறிலேயே நின்றது. ஆண்டவர் அட்டையின் மேல் கையை வைத்தபடியே இருந்தார். கையை எடுக்கச் சொல்லித் தனம் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள்.

மூன்றரை மணிக்குக் கல்யாணம் முழுதாக வந்து சேர்ந்தது. தனம் பந்தியைத் தேடி ஓட்டினாள். அப்பளக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, யாரையோ திட்டிவிட்டு, திட்டியதற்குத் தானே சிரித்துக்கொண்டு திரும்பினாள் கலியம்மாள். தனம் அங்கே நிறுத்தினாள்.

அழகேசன் ஸ்டூலை விட்டு எழுந்தார். திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். "என்னையத்தான் திட்டுறா," என்றார். "ரசத்த எல மேல ஊத்திட்டேன்னு."

படத்தை எடுத்துக்கொண்டு அவர் பெரம்பலூர் பஸ்ஸுக்கு ஓடியதும், தனம் போனைப் பார்த்துச் சிரித்தாள். தோஹாவில் ராஜவேல் அதே வீடியோவைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறானாம்.

ஆண்டவர் பெட்டியைப் பார்த்தார். "அப்ப இங்க இல்லையா? அங்க போயிடுச்சா?"

"இங்கயும் இருக்கு, அங்கயும் பாக்குறாருங்க மாமா."

"ஒரே பொருள் ரெண்டு எடத்துல இருக்குன்னு சொன்ன எவனையும் நான் நம்புனதில்ல தனம்."

"அப்ப காலையிலேர்ந்து எதுக்குங்க இம்புட்டுப் பாடு?"

"சூடா இருந்துச்சு, ஆத்துனேன். அதுக்குள்ள என்னா இருக்குன்னு நானா கேட்டேன்?"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பின்னால் அவள் சிரிப்பதைக் கேட்டும் கேட்காதவராய், வெயில் தணியாத காட்டைப் பார்த்து நடந்தார்.